டி.என்.ஏ. நகலாவதை ஒரே தாளில் வரைந்து புரிந்துகொள்வது எப்படி?

செல் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் விதத்தைப் படிக்க உட்காரும் பெரும்பாலோர் முதலில் சந்திப்பது ஒரு பெயர்ப் பட்டியலைத்தான்: ஹெலிகேஸ், பிரைமேஸ், பாலிமரேஸ், லிகேஸ், டோபோஐசோமெரேஸ். பட்டியலை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட முடியும்; ஆனால் சில மாதங்கள் கழித்து, ஓர் இழை தொடர்ச்சியாகவும் மற்றோர் இழை துண்டுதுண்டாகவும் உருவாவது ஏன் என்று கேட்டால் விடை வருவதில்லை. குறை படிப்பவரிடம் இல்லை, சொல்லித்தரும் வரிசையில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். நொதிகளின் பெயர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, இழைகளின் திசையை மட்டும் முதலில் சரியாகக் குறித்துக்கொண்டால், எந்த இடத்தில் எந்த வேலைக்கு ஒரு நொதி தேவைப்படும் என்பதைப் படிப்பவரே சொல்லிவிடலாம். பெயர் அதன் பிறகு தானாக மனதில் தங்கும்.

இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் செல்கிறது. உங்களுக்குத் தேவையானவை ஒரு வெள்ளைத் தாள், ஒரு பென்சில், நீலம், சிவப்பு என இரண்டு நிறப் பேனாக்கள். பழைய இழை எதுவாயினும் நீலம், புதிதாக உருவாகும் இழை எதுவாயினும் சிவப்பு என்பதைத் தொடக்கம் முதல் இறுதிவரை மாற்றாதீர்கள்.

முதலில் திசை

தாளின் மேற்பகுதியில் நீல நிறத்தில் இந்த வரிசையை எழுதுங்கள்: ஏ டி ஜி சி சி டி ஏ ஏ ஜி டி. இவை அடினைன், தைமின், குவனைன், சைட்டோசின் என்னும் நான்கு காரங்களின் சுருக்கக் குறிகள். வரிசையின் இடது முனையில் 5′ என்றும் வலது முனையில் 3′ என்றும் குறித்துவிடுங்கள். டி.என்.ஏ.வின் முதுகெலும்பாக அமையும் டிஆக்சிரைபோஸ் சர்க்கரையில் ஐந்து கார்பன் அணுக்கள் உள்ளன. அவற்றுள் ஐந்தாம் கார்பனில் பாஸ்பேட்டும் மூன்றாம் கார்பனில் ஹைட்ராக்சில் தொகுதியும் இணைந்திருக்கின்றன. ஒரு சர்க்கரையின் மூன்றாம் கார்பன், அடுத்த சர்க்கரையின் ஐந்தாம் கார்பனோடு பாஸ்பேட் வழியாகக் கோக்கப்பட்டு இழை நீள்வதால், ஓர் இழையின் இரு முனைகளும் ஒரேமாதிரியானவை அல்ல. ஒரு முனையில் பாஸ்பேட் நிற்கிறது, மறு முனையில் ஹைட்ராக்சில் திறந்திருக்கிறது. இந்தச் சிறிய வேறுபாட்டைத்தான் 5′, 3′ என்ற எண்கள் சொல்கின்றன.

இப்போது அதன் கீழே இரண்டாவது நீல இழையை எழுத வேண்டும். ஏ எப்போதும் டி-யோடும், ஜி எப்போதும் சி-யோடும் இணையும். எர்வின் சார்காஃப் பல உயிரினங்களின் டி.என்.ஏ.வை அளந்து, ஏ-யின் அளவும் டி-யின் அளவும் ஏறத்தாழ சமம், ஜி-யின் அளவும் சி-யின் அளவும் ஏறத்தாழ சமம் என்று காட்டியிருந்தார். 1953ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் முன்வைத்த இரட்டைச் சுருள் அமைப்பு அந்தச் சமநிலைக்குக் காரணம் சொன்னது. அந்த அமைப்பை எட்ட ரோசலிண்ட் பிராங்க்ளினின் ஆய்வகத்தில் கிடைத்த எக்ஸ்-கதிர்ப் படங்களும் அளவீடுகளும் எவ்வளவு இன்றியமையாதவையாக இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை. ஆக, உங்கள் கீழ் இழை டி ஏ சி ஜி ஜி ஏ டி டி சி ஏ என்று அமையும். இரட்டைச் சுருளில் இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால், கீழ் இழையின் இடது முனை 3′, வலது முனை 5′. இந்தக் குறிகளை இடாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். டி.என்.ஏ. வரிசையை 5′ முனையிலிருந்து படிப்பதே மரபு என்பதால், உங்கள் கீழ் இழையைப் படிக்கச் சொன்னால் ஏ சி டி டி ஏ ஜி ஜி சி ஏ டி என்று வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இதைத் தயங்காமல் செய்ய முடிந்தால் பாதிக் கடினம் தீர்ந்தது.

இழைகளைப் பிரித்து வண்ணத்தைக் கணியுங்கள்

இரண்டு நீல இழைகளையும் தனித்தனியாக மீண்டும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே சிவப்பு நிறத்தில் பொருத்தமான காரங்களை நிரப்புங்கள். கிடைக்கும் இரண்டு மூலக்கூறுகளும் முதல் மூலக்கூறை அப்படியே ஒத்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் இழை நீலம், ஓர் இழை சிவப்பு. இதைத்தான் பாதி பழமை பேணும் முறை என்கிறார்கள்.

காகிதத்தில் இது இயல்பாகத் தோன்றினாலும், செல் இப்படித்தான் செய்கிறது என்பதை 1953இல் யாரும் நிரூபித்திருக்கவில்லை. பழைய இரு இழைகளும் ஒன்றாகவே இருந்துகொண்டு முற்றிலும் புதிய மூலக்கூறு ஒன்றை உருவாக்கலாம். அல்லது பழையதும் புதியதும் ஒவ்வோர் இழையிலும் துண்டுகளாகக் கலந்திருக்கலாம். இம்மூன்றில் எது உண்மை என்பதை 1958இல் மேத்யூ மெசல்சனும் பிராங்க்ளின் ஸ்டாலும் வெளியிட்ட சோதனை தீர்த்துவைத்தது. ஈ. கோலை பாக்டீரியாவை எடை மிகுந்த நைட்ரஜன்-15 உள்ள ஊடகத்தில் பல தலைமுறைகள் வளர்த்து, அதன் டி.என்.ஏ. முழுவதையும் கனமாக்கினார்கள், பின்னர் சாதாரண நைட்ரஜன்-14 உள்ள ஊடகத்துக்கு மாற்றி, ஒவ்வொரு தலைமுறைக்குப் பின்னும் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, சீசியம் குளோரைடு கரைசலில் மிக வேகமாகச் சுழற்றி அடர்த்தியை அளந்தார்கள்.

இச்சோதனையை உங்கள் தாளிலேயே செய்து பாருங்கள். நீலத்தைக் கனமான இழையாகவும் சிவப்பை இலேசான இழையாகவும் கொள்ளுங்கள். முதல் தலைமுறையில் எல்லா மூலக்கூறுகளும் நீலம்-சிவப்பு, அதாவது இடைப்பட்ட அடர்த்தி; ஒரே ஒரு பட்டை. பழைய மூலக்கூறு அப்படியே இருந்திருந்தால் கனமானது ஒன்று, இலேசானது ஒன்று என இரண்டு பட்டைகள் தெரிந்திருக்க வேண்டும்; ஆகவே அந்தக் கருதுகோள் இங்கேயே விழுந்துவிடுகிறது. இரண்டாம் தலைமுறையில் நான்கு மூலக்கூறுகளுள் இரண்டு நீலம்-சிவப்பு, இரண்டு சிவப்பு-சிவப்பு. துண்டுகளாகக் கலப்பது உண்மையாக இருந்தால் இங்கும் ஒரே பட்டைதான், சற்று இலேசாகி, தோன்றியிருக்க வேண்டும்; உண்மையில் இரண்டு பட்டைகள் தோன்றின. மூன்றாம் தலைமுறைக்கு உங்கள் படம் எட்டு மூலக்கூறுகளைத் தரும், அவற்றுள் இரண்டில் மட்டுமே நீலம் இருக்கும். எத்தனை தலைமுறை வரைந்தாலும் நீலம் உள்ள மூலக்கூறுகள் இரண்டுதான், அவை அழிவதில்லை என்பதைக் கவனியுங்கள். கருவிகள் எளியவை அல்ல என்றாலும், தர்க்கம் இத்தனை தெளிவாக நிற்கும் சோதனைகள் உயிரியலில் மிகச் சிலவே. இந்தப் படியில் நேரம் செலவிடத் தயங்காதீர்கள்.

சுருளைத் திறத்தல்

இதுவரை இழைகளை நாம் பேனாவால் பிரித்தோம். செல்லுக்குள் அவை ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன, ஏறத்தாழ 10.5 கார இணைகளுக்கு ஒரு முழுச் சுற்று. தாளின் நடுப்பகுதியில் ஒரு நீண்ட நீல இரட்டை இழையை வரைந்து, அதன் இடதுபுறப் பாதியைக் கவைபோல் மேலும் கீழுமாகத் திறந்துவிடுங்கள். வலப்பாதி மூடியே இருக்கட்டும். திறப்பு வலப்பக்கமாக முன்னேறுகிறது என்று காட்டக் கவையின் முனையில் ஓர் அம்புக்குறி இடுங்கள். இந்த இடத்துக்கு நகலாக்கக் கவை என்று பெயர். மேல் நீல இழையின் இடது முனைக்கு 3′ என்றும் கீழ் நீல இழையின் இடது முனைக்கு 5′ என்றும் குறித்துவிடுங்கள்; வலது முனைகளில் இவை தலைகீழாக வரும். இந்தப் படத்தில்தான் மீதி வேலை முழுவதும் நடக்கப்போகிறது, ஆகவே பெரிதாகவே வரையுங்கள்.

படத்தைப் பார்த்து என்னென்ன தேவை என்று நீங்களே கேளுங்கள். கார இணைகளுக்கிடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகளைப் பிரித்தபடி முன்னேற ஒரு நொதி வேண்டும், அதுதான் ஹெலிகேஸ். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யைச் செலவிட்டு அது நகர்கிறது. பிரிந்த இழைகள் உடனே மீண்டும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அவற்றின் மீது படியும் புரதங்கள் வேண்டும்; ஒற்றை இழையைப் பற்றும் புரதங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. மூன்றாவது தேவை அவ்வளவு எளிதாகக் கண்ணுக்குத் தெரியாது. முறுக்கிய இரட்டைக் கயிற்றின் ஒரு முனையைப் பிரித்து இழுத்தால், பிரியாத பகுதியில் முறுக்கு மேலும் மேலும் இறுகி ஒரு கட்டத்தில் இழுக்கவே முடியாமல் போவதுபோல, கவைக்கு முன்னால் உள்ள டி.என்.ஏ.வும் இறுகுகிறது. ஈ. கோலையில் ஒரு கவை வினாடிக்குச் சுமார் 1000 கார இணைகள் வேகத்தில் நகர்கிறது. அதை 10.5ஆல் வகுத்தால் வினாடிக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட சுற்றுகள்! இந்த இறுக்கத்தைத் தளர்த்த, இழையைத் தற்காலிகமாக வெட்டி, முறுக்கை விடுவித்து, மீண்டும் ஒட்டிவிடும் டோபோஐசோமெரேஸ்கள் வேண்டியிருக்கின்றன. பாக்டீரியாவில் இவ்வகை நொதி ஒன்றுக்கு ஜைரேஸ் என்று பெயர். சிப்ரோஃபிளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து தாக்குவது இதைத்தான். ஜைரேஸ் வெட்டிய இழையை ஒட்டவிடாமல் அது நிறுத்திவைப்பதால், பாக்டீரியாவின் டி.என்.ஏ. உடைந்துபோகிறது. உங்கள் படத்தில் கவைக்கு வலப்புறத்தில் ஒரு சிறு வட்டமிட்டு ஜைரேஸ் என்று எழுதினால், அந்த மருந்தின் செயலும் அதே இடத்தில் பதிந்துவிடும்.

இரண்டு கட்டுப்பாடுகள்

இனி இந்த வழிகாட்டியின் மையப் பகுதி. புதிய இழையைக் கட்டும் நொதி டி.என்.ஏ. பாலிமரேஸ். ஆர்தர் கோர்ன்பெர்க் 1950களின் நடுப்பகுதியில் ஈ. கோலையிலிருந்து இவ்வகை நொதியை முதன்முதலில் பிரித்தெடுத்து, 1959ஆம் ஆண்டின் நோபல் பரிசைச் செவேரோ ஒச்சோவாவுடன் பகிர்ந்துகொண்டார். அவர் கண்ட நொதி இன்று பாலிமரேஸ் ஒன்று எனப்படுகிறது. அது மிகவும் குறைந்துபோன பாக்டீரியா வகை ஒன்றும் உயிரோடு பெருகுவதை 1969இல் ஜான் கெய்ர்ன்ஸும் பவுலா டி லூசியாவும் காட்டியபோது, முதன்மையான நகலாக்க நொதி வேறு என்பது தெளிவானது. அந்த முதன்மை நொதியான பாலிமரேஸ் மூன்றைக் கண்டறிந்தவர்களுள் ஆர்தரின் மகன் தாமஸ் கோர்ன்பெர்க்கும் ஒருவர்.

எந்தப் பாலிமரேஸாக இருந்தாலும் அதற்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. இவற்றைத் தாளின் ஓரத்தில் கட்டமிட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, காரம், சர்க்கரை, பாஸ்பேட் மூன்றும் சேர்ந்த அலகான நியூக்ளியோடைடை அது இழையின் 3′ முனையில் மட்டுமே புதிதாகச் சேர்க்கும். எனவே புதிய இழை எப்போதும் 5′இலிருந்து 3′ நோக்கியே வளரும். இரண்டு, அதனால் வெறும் அச்சு இழையின், அதாவது படியெடுக்கப்படும் பழைய இழையின் மீது முதல் நியூக்ளியோடைடை வைத்துத் தொடங்க முடியாது. ஏற்கெனவே பொருந்தியிருக்கும் ஒரு துண்டின் 3′ முனை அதற்குக் கிடைக்க வேண்டும்.

முதலில் இரண்டாம் கட்டுப்பாட்டை நிறைவேற்றுவோம். திறந்த நீல இழையின் மீது யாரேனும் ஒரு சிறு தொடக்கத் துண்டை வைத்தாக வேண்டும். பிரைமேஸ் என்ற நொதி சுமார் பத்து நியூக்ளியோடைடு நீளமுள்ள ஆர்.என்.ஏ. துண்டை வைக்கிறது, ஆர்.என்.ஏ.வைக் கட்டும் நொதிகள் வெறும் அச்சிலிருந்தே தொடங்க வல்லவை. இத்துண்டைத் தொடக்கி என்போம். பிரைமர் என்றும் வழங்கும். இதைப் பென்சிலால் வரையுங்கள், ஏனெனில் இது பின்னால் அழிக்கப்படும்.

இப்போது மேல் நீல இழையின் இடது முனை 3′ என்பதால், அதன் மீது அமையும் சிவப்பு இழையின் இடது முனை 5′ ஆக வேண்டும். அது 3′ நோக்கி, அதாவது இடமிருந்து வலமாக வளரும். கவை நகரும் திசையும் வலம்தான். ஆகவே ஒரே ஒரு தொடக்கி போதும்; கவை திறக்கத் திறக்கப் பாலிமரேஸ் பின்தொடர்ந்து நிரப்பிக்கொண்டே போகலாம். இது முன்செல் இழை.

கீழ் இழையில் நிலைமை நேர்மாறு. அங்கே நீல இழையின் இடது முனை 5′, எனவே சிவப்பு இழை வலமிருந்து இடமாக, கவையை விட்டு விலகும் திசையில்தான் வளர முடியும். கவையோ வலப்புறம் திறந்துகொண்டே போகிறது. கவையின் அருகே ஒரு தொடக்கியைப் பென்சிலால் வரைந்து, அதிலிருந்து இடப்புறமாகச் சிவப்புக் கோடு இழுங்கள். இதற்குள் கவை மேலும் வலப்புறம் நகர்ந்துவிட்டது என்று கொண்டு, புதிதாகத் திறந்த இடத்தில் இன்னொரு தொடக்கி, இன்னொரு சிவப்புக் கோடு, அது முந்தைய தொடக்கியை வந்து தொடும்வரை. இப்படி நான்கைந்து துண்டுகள் வரையுங்கள். நீங்கள் வரைந்தவை ஒகசாகி துண்டுகள். இந்த இழை பின்தங்கும் இழை. யாரும் சொல்லித்தராமலேயே, இரண்டு கட்டுப்பாடுகளும் அம்புக்குறியும் உங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன.

ரெய்ஜி ஒகசாகியும் சுனேகோ ஒகசாகியும் தங்கள் குழுவினருடன் 1960களின் பிற்பகுதியில் இதைச் சோதனையால் காட்டினார்கள். வளரும் பாக்டீரியாவுக்கு, தைமின் கொண்ட மூலப்பொருளான தைமிடினைக் கதிரியக்கம் உள்ளதாகச் சில வினாடிகள் மட்டும் கொடுத்து, புதிதாக உருவான டி.என்.ஏ.வைப் பார்த்தபோது அது சிறு துண்டுகளாக இருந்தது. சற்று நேரம் விட்டுப் பார்த்தால் அதே கதிரியக்கம் நீண்ட இழைகளில் காணப்பட்டது. துண்டுகள் முதலில் உருவாகிப் பிறகு இணைகின்றன என்பதே இதன் பொருள். பாக்டீரியாவில் இத்துண்டுகள் 1000 முதல் 2000 நியூக்ளியோடைடு நீளமுள்ளவை. மனிதன் உள்ளிட்ட உட்கரு உள்ள உயிரிகளில் 100 முதல் 200 வரை மட்டுமே. ஹிரோஷிமாவில் இளம் வயதில் அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளாகியிருந்த ரெய்ஜி, 1975இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். சுனேகோ ஆய்வைத் தொடர்ந்தார்.

படத்தை முடிக்க இரண்டு வேலைகள் எஞ்சியுள்ளன. பென்சிலால் வரைந்த தொடக்கிகளை அழித்து அந்த இடைவெளிகளைச் சிவப்பால் நிரப்புங்கள்; பாக்டீரியாவில் கோர்ன்பெர்க் கண்ட அதே பாலிமரேஸ் ஒன்று இதைச் செய்கிறது. நிரப்பிய பின்னும் அடுத்தடுத்த துண்டுகளுக்கிடையே முதுகெலும்பில் ஒரு பிணைப்பு குறைவாகவே இருக்கும். அந்தப் பிணைப்பை இட்டு இழையை முழுமையாக்குவது லிகேஸ்.

ஏன் இந்தச் சுற்றுவழி, 3′இலிருந்து 5′ நோக்கிக் கட்டும் ஒரு நொதி இருந்தால் எல்லாம் எளிதாகிவிடாதா என்ற கேள்வி படம் வரைபவர் மனதில் எழ வேண்டும். எழவில்லையென்றால் நீங்களே எழுப்பிக்கொள்ளுங்கள், ஏனெனில் விடை மிகவும் செறிவானது. புதிய நியூக்ளியோடைடு ஒவ்வொன்றும் மூன்று பாஸ்பேட்டுகளுடன் வருகிறது. அவற்றுள் இரண்டு பிரியும்போது கிடைக்கும் ஆற்றலே பிணைப்பை உருவாக்குகிறது. இப்போதுள்ள முறையில், தவறாகச் சேர்ந்த ஒன்றை வெட்டி எறிந்தாலும், அடுத்து வரும் நியூக்ளியோடைடு தன் ஆற்றலைத் தானே கொண்டுவருவதால் வேலை நிற்பதில்லை. எதிர்த்திசையில் கட்டினால் மூன்று பாஸ்பேட்டுகள் வளரும் இழையின் முனையில் இருக்க வேண்டியிருக்கும். ஒரு தவறை வெட்டியதும் அந்த ஆற்றலும் போய்விடும், இழை அங்கேயே நின்றுவிடும். தவறு திருத்தும் வசதிக்காகச் செல் பின்தங்கும் இழையின் தொல்லையை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று இதைப் புரிந்துகொள்வது பொருத்தமானது.

நேரக் கணக்கு

ஈ. கோலையின் டி.என்.ஏ. ஒரு வளையம், அதில் சுமார் 46 லட்சம் கார இணைகள் உள்ளன. நகலாக்கம் ஒரே ஒரு தொடக்கப் புள்ளியில் ஆரம்பித்து, இரண்டு கவைகள் எதிரெதிர்த் திசைகளில் செல்கின்றன. ஒவ்வொரு கவைக்கும் 23 லட்சம். வினாடிக்கு 1000 என்றால் 2300 வினாடிகள், அதாவது நாற்பது நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் நல்ல சூழலில் இந்தப் பாக்டீரியா இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை பிரிகிறது. முந்தைய நகலாக்கம் முடியும் முன்பே தொடக்கப் புள்ளியில் அடுத்த சுற்று ஆரம்பித்துவிடுவதால் இது முடிகிறது.

இதே கணக்கை மனிதனின் முதலாம் குரோமோசோமுக்குப் போட்டுப் பாருங்கள். அதில் ஏறத்தாழ 25 கோடி கார இணைகள். கவையின் வேகமோ வினாடிக்கு ஐம்பது அளவில்தான். ஒரே தொடக்கப் புள்ளி, இரண்டு கவைகள் என்றால் 25 லட்சம் வினாடிகள், அதாவது சுமார் 29 நாட்கள் ஆகும். உண்மையில் மனிதச் செல் தன் டி.என்.ஏ. முழுவதையும் எட்டு மணி நேர அளவில் படியெடுத்துவிடுகிறது. குரோமோசோம்கள் நெடுகப் பல்லாயிரக்கணக்கான தொடக்கப் புள்ளிகள் வெவ்வேறு நேரங்களில் திறப்பதே காரணம். இத்தனை புள்ளிகள் இருக்கும்போது எதுவும் இருமுறை திறந்துவிடக் கூடாது. ஹெலிகேஸின் மையப் பகுதியான எம்.சி.எம். புரதங்கள் நகலாக்கம் தொடங்குவதற்கு முந்தைய கட்டத்தில் மட்டுமே தொடக்கப் புள்ளிகளில் ஏற்றப்படுகின்றன. நகலாக்கம் தொடங்கிவிட்டால் அவற்றை மீண்டும் ஏற்றச் செல் அனுமதிப்பதில்லை.

பிழைகளை எண்ணுங்கள்

நகலாக்கம் ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கான விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. மனிதச் செல் பிரியும்போது ஒவ்வொரு சேய்ச்செல்லுக்கும் கிடைக்கும் டி.என்.ஏ.வில் சுமார் 600 கோடி நியூக்ளியோடைடுகள் புதிதாகக் கோக்கப்பட்டவை. பாலிமரேஸ் சரியான காரத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஏறத்தாழ ஒரு லட்சத்துக்கு ஒருமுறை தவறுகிறது என்று கொண்டால், ஒரு செல்லுக்கு 60,000 பிழைகள். ஆனால் தவறான காரம் சேர்ந்ததும் பாலிமரேஸ் தயங்கி, பின்சென்று, அதை வெட்டியெறிந்துவிட்டு மீண்டும் முயல்கிறது. இந்தச் சரிபார்ப்பால் பிழை விகிதம் கோடிக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைகிறது. 60,000 இப்போது 600. அடுத்து, பொருந்தா இணைத் திருத்தம் என்னும் அமைப்பு, நகலாக்கத்தைத் தொடர்ந்து வந்து எஞ்சிய பிழைகளைக் கண்டுபிடிக்கிறது. இதன் பின் விகிதம் 100 கோடிக்கு ஒன்று முதல் 1000 கோடிக்கு ஒன்று வரை. 600 பிழைகள் ஆறாக அல்லது ஒன்றுக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டன.

பொருந்தா இணையைத் திருத்தும்போது ஒரு சிக்கல் உண்டு. ஏ-க்கு எதிரே சி நின்றால், தவறு ஏ-யா, சி-யா? உங்கள் தாளில் வண்ணம் சொல்லிவிடும். திருத்த வேண்டியது சிவப்பை. ஈ. கோலையில் பழைய இழையின் குறிப்பிட்ட வரிசைகளில் மீத்தைல் என்னும் சிறு வேதித் தொகுதி குறியாக இருக்கும், புதிய இழையில் அது சற்றுத் தாமதமாகவே சேரும். அந்த இடைவேளையில் குறியில்லாத இழையே புதியது என்று அறியப்படுகிறது. இத்திருத்த முறையை விளக்கிய பால் மோட்ரிச், டி.என்.ஏ. பழுதுநீக்கத்தை ஆராய்ந்த தாமஸ் லிண்டால், அஜீஸ் சன்ஜார் ஆகியோருடன் 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார்.

இந்த அமைப்பு குலைந்தால் என்ன ஆகும் என்பதை லிஞ்ச் நோய்த்தொகுதி காட்டுகிறது. எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 போன்ற திருத்த மரபணுக்களில் ஒன்று பழுதுபட்டுப் பரம்பரையாக வரும்போது, பெருங்குடல் புற்றுநோயும் கருப்பை உட்படலப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு வெகுவாக உயர்கிறது. இக்குடும்பங்களில் மரபணுச் சோதனை செய்து, இளம் வயதிலிருந்தே பெருங்குடலை உள்நோக்கிக் கருவியால் பரிசோதித்துவந்தால் பல உயிர்களைக் காக்க முடிகிறது. நகலாக்கத்தைப் பற்றிய அடிப்படை அறிவு மருத்துவமனைக்குள் நேராக வந்து சேரும் இடங்களுள் இது ஒன்று. அதே வேளையில், பிழைகள் அறவே இல்லாமற்போயிருந்தால் உயிரினங்களில் வேறுபாடு தோன்றவும் பரிணாமம் நடக்கவும் வழி மிகவும் சுருங்கியிருக்கும். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் பெற்றோரிடம் இல்லாத புதிய சடுதிமாற்றங்கள் பல பத்துகள் இருக்கின்றன; பெரும்பாலானவை எந்த விளைவும் தராதவை.

முனைகளில் என்ன நடக்கிறது?

மீண்டும் கவைப் படத்துக்குத் திரும்பி, கவை வலது முனைவரை சென்றுவிட்டதாக வரையுங்கள். மேல் இழையில் சிக்கல் இல்லை. கீழ் இழையில் கடைசித் தொடக்கி முனையோரத்தில் இருக்கிறது. அதை அழித்துவிட்டால் அந்த இடத்தை யார் நிரப்புவது? நிரப்ப வலப்புறத்தில் ஒரு 3′ முனை வேண்டும், அங்கே எதுவுமே இல்லை. ஆகவே ஒவ்வொரு நகலாக்கத்திலும் இழை சிறிது குறுகும். வளையமான டி.என்.ஏ.வுக்கு முனையே இல்லாததால் ஈ. கோலைக்கு இந்தத் தொல்லை கிடையாது. 1970களின் தொடக்கத்தில் அலெக்சி ஒலோவ்னிகோவும் ஜேம்ஸ் வாட்சனும் தனித்தனியே இதைச் சுட்டிக்காட்டினார்கள்.

மனிதக் குரோமோசோம்களின் முனைகளில் டி டி ஏ ஜி ஜி ஜி என்ற வரிசை ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வருகிறது. டெலோமியர் எனப்படும் இப்பகுதியில் மரபணுக்கள் இல்லாததால், குறுகும்போது இழப்பது உடனடியாக ஆபத்தாவதில்லை. தன்னுள் ஒரு சிறு ஆர்.என்.ஏ. அச்சை வைத்திருக்கும் டெலோமெரேஸ் என்ற நொதி, பழைய நீல இழையின் 3′ முனையை நீட்டி இழப்பை ஈடுசெய்கிறது. 1984இல் எலிசபெத் பிளாக்பர்னும் கேரல் கிரைடரும் இதைக் கண்டறிந்தார்கள். ஜாக் சோஸ்டாக்குடன் சேர்த்து அவர்களுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. இனப்பெருக்கச் செல்களிலும் சில தண்டுச் செல்களிலும் இந்நொதி செயல்படுகிறது, பெரும்பாலான உடற்செல்களில் அடங்கியிருக்கிறது. புற்றுநோய்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது அதை மீண்டும் இயக்கிக்கொள்கின்றன. இதை வைத்து டெலோமியரை நீட்டினால் முதுமை வராது என்று விற்கப்படும் பொருள்களை நம்பிவிடாதீர்கள். செல் தடையின்றிப் பிரிவது உடலுக்கு எப்போதும் நன்மையல்ல.

படத்தைப் பயன்படுத்துங்கள்

இப்போது உங்கள் தாளில் உள்ள படத்தை வைத்துச் சில மருந்துகளையும் ஆய்வக முறைகளையும் நீங்களே விளக்கிப் பாருங்கள். 3′ முனையில் ஹைட்ராக்சில் இல்லாத ஒரு நியூக்ளியோடைடு சிவப்பு இழையில் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும்? அதற்கு மேல் எதையும் சேர்க்க முடியாது, இழை அங்கேயே முடிந்துவிடும். ஹெர்பிஸ் வைரஸுக்கு எதிரான அசைக்ளோவிர் இப்படித்தான் செயல்படுகிறது. அதைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் முதல் படியை வைரஸின் சொந்த நொதியே செய்வதால், நோயுற்ற செல்லில்தான் அது பெரிதும் வேலை செய்கிறது. எச்.ஐ.வி.க்கான முதல் மருந்தாக 1987இல் ஒப்புதல் பெற்ற சிடோவுடினும் இதே வகை. பிரெடரிக் சாங்கர் 1977இல் அறிவித்த வரிசையறியும் முறையும் இதே கருத்தின் மீதுதான் நிற்கிறது: எந்தக் காரத்தில் இழை நின்றது என்று பார்த்தே வரிசையைப் படித்தார்கள். புற்றுநோய்க்குத் தரும் சில மருந்துகள் நகலாக்கத்துக்கு வேண்டிய தைமிடின் உருவாவதைத் தடுக்கின்றன. வேகமாகப் பிரியும் செல்கள் எல்லாமே பாதிக்கப்படுவதால்தான் எலும்பு மச்சை, குடலின் உட்படலம், முடி வேர் ஆகியவையும் துன்பப்படுகின்றன.

கடைசியாக, ஆய்வகத்தில் டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். எனப்படும் பாலிமரேஸ் தொடர்வினை. கேரி முல்லிஸ் 1983இல் வகுத்த இம்முறையைக் கவைப் படத்தோடு ஒப்பிட்டு, எந்த நொதிக்குப் பதில் எது வந்திருக்கிறது என்று பட்டியலிடுங்கள். ஹெலிகேஸ் இல்லை, ஏறத்தாழ 95 பாகை செல்சியஸ் வெப்பம் இழைகளைப் பிரித்துவிடுகிறது. பிரைமேஸ் இல்லை, நாம் வடிவமைத்த இரண்டு டி.என்.ஏ. தொடக்கிகள், வெப்பம் குறைந்ததும் தத்தம் இடத்தில் பொருந்துகின்றன. பாலிமரேஸ் மட்டும் உண்டு, அதுவும் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் தெர்மஸ் அக்குவாட்டிகஸ் பாக்டீரியாவிலிருந்து வந்தது என்பதால் இத்தனை வெப்பத்திலும் கெடுவதில்லை. 72 பாகை அளவில் அது இழையை நீட்டுகிறது. ஒவ்வொரு சுற்றும் இருமடங்கு என்பதால், குறையின்றி நடந்தால் முப்பது சுற்றுகளில் ஒரு மூலக்கூறு நூறு கோடிக்கும் மேலாகப் பெருகும். பின்தங்கும் இழை எங்கே என்று தேடினால் கிடைக்காது. இரண்டு இழைகளும் முழுமையாகப் பிரிந்துவிட்டதால் இங்கே கவையே இல்லை. ஒவ்வோர் இழைக்கும் அதன் 3′ பக்கத்தில் ஒரு தொடக்கி பொருந்தி, எதிரெதிர்த் திசைகளில் இரண்டும் தடையின்றி 5′இலிருந்து 3′ நோக்கி வளர்கின்றன. தொடக்கிகள் இறுதியில் அழிக்கப்படாமல் நகலின் பகுதியாகவே நின்றுவிடுவதால், முனை குறுகும் சிக்கலும் எழுவதில்லை.